சுவரில் சாய்ந்திருக்கும் கரம் பலகை



ஓப்பநாயக்கவிலிருந்து பலாங்கொடை வரையிலும், அப்பால் இறக்குவானைப் பக்கமும் உள்ள தோட்டங்களில் சனசமூக நிலையம் ஒன்றினுள் நுழைந்தால், பெரும்பாலும் ஒரு மூலையில் கரம் பலகை ஒன்று சுவரில் சாய்ந்திருக்கக் காண்போம். நான்கு மூலைகளில் இரண்டுக்கு வலை இராது. நடுவட்டம் தேய்ந்து மங்கியிருக்கும். சட்டத்தின் ஒரு பக்கம் பலகையை விட்டு விலகியிருக்கும். ஏதோ ஒரு தேர்தலுக்கு முன்னர் அன்பளிப்பாக வந்த பலகை அது. "பழுதாப் போச்சு சாமி, புதுசு கேட்டிருக்கோம்" என்பது இளைஞர்களின் பதில். கேட்ட இடத்திலிருந்து அடுத்த தேர்தல் வரை எதுவும் வராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆயினும் காத்திருக்கின்றனர்.

அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை. இரண்டு மூன்று நாள் உழைப்பும், சிறிது மரப்பசையும், அரத்தாளும், ஒரு சிறு டின் வார்னிஷும் இருந்தால் அந்தப் பலகை மீண்டும் உயிர்பெறும். அதனை நிலையத்தில் வைத்தல்ல, ஒரு வீட்டுக்கு எடுத்துச் சென்று, குடும்பமாகக் கூடித் திருத்த வேண்டும் என்பதே இவ்வாரம் நான் முன்வைக்க விரும்பும் கருத்து. வீடு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதைப் பின்னர் விளக்குகிறேன்.

கரம் என்றதும் தமிழர் காதில் கை என்ற பொருளே ஒலிக்கிறது. சொல்லின் பிறப்பு வேறு. ஆனால் பொருத்தம் அழகாகவே அமைந்துவிட்டது. மட்டை வேண்டாம், மைதானம் வேண்டாம், காலணி வேண்டாம்; ஒரு விரல் நுனி போதும். 1988 இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிகளின்படி, ஆட்டப் பரப்பு ஏறத்தாழ 74 சென்ரிமீற்றர் சதுரம். காய்கள் ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் ஒரு சிவப்பு. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. பலகையின் வழவழப்பை அளப்பதற்கும் ஒரு விதி உண்டு: தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் முழு வலிமையோடு சுண்டினால், ஸ்ட்ரைக்கர் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்றரைத் தடவை ஓட வேண்டும். நம் நிலையங்களில் சாய்ந்திருக்கும் பலகைகளில் அது ஒரு தடவை ஓடினாலே பெரிது.

அது ஏன் ஓடுவதில்லை? பலரும் எண்ணுவது போலத் தேய்மானம் மட்டுமே காரணமன்று. போரிக் பவுடர் கிடைக்காதபோது முகப்பவுடரையும், சில வேளை கோதுமை மாவையும் தூவி ஆடுகிறோம். அது கை வியர்வையோடு கலந்து மரத்தின் மேல் ஒரு பிசுக்காகப் படிகிறது. அதன் கீழே பலகை நன்றாகவே இருக்கும். ஆகவே முதல் வேலை துடைப்பது. தண்ணீர் மட்டும் வேண்டாம். ஒட்டுப்பலகைக்குத் தண்ணீரே முதற் பகை. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, போகாத பிசுக்கைச் சிறிது டர்பன்டைன் நனைத்த துணியால் மெல்ல எடுக்க வேண்டும்.

அடுத்தது வளைவு. இரத்தினபுரி மாவட்டத்தின் ஈரவலயப் பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. லயன் சுவரில் சாய்த்து வைத்த பலகை சுவரின் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடுகிறது. வளைந்ததை நிமிர்த்த வெயிலில் போடுபவர்கள் உண்டு. அது மறுபக்கம் வளைந்து, தாள் தாளாகப் பிரிந்தும் போகும். நிழலில், சமதரையில் கவிழ்த்து, பழைய செங்கற்களைப் பரப்பி அழுத்தி நான்கைந்து நாட்கள் விட்டுவிடுவதே சரியான வழி. தாள் பிரிந்த இடத்தில் மரப்பசை ஊட்டி அதே செங்கற்களால் அழுத்தலாம். பின்னர் அடிப்பக்கத்தில் குறுக்கே இரண்டு மரச் சட்டங்களைத் திருகாணியால் பொருத்தினால் மீண்டும் வளைவது குறையும்.

சட்டம் இறுக்கமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. ஸ்ட்ரைக்கரைச் சட்டத்தில் மோதவிட்டு வரிசையாகச் சுண்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் டக்கென்று ஒலித்துத் திரும்பும். பலகையை விட்டு விலகிய இடத்தில் மந்தமாக ஒலித்து, பாதி வேகத்தில் திரும்பும். அங்கேதான் பசையும் திருகாணியும் வேண்டும்.

மேற்பரப்பைத் தேய்ப்பதில் அவசரம் கூடாது. ஒட்டுப்பலகையின் மேல் தாள் மெல்லியது. முரட்டு அரத்தாள் அதைத் தின்றுவிடும். மிக நுண்ணிய அரத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, மரத்தின் ரேகை போகும் திசையில் மட்டும் இழுக்க வேண்டும். இரத்தினபுரியில் மாணிக்கக் கல்லுக்குப் பட்டை தீட்டுபவரின் அருகே நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பொறுமையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அழிந்த கோடுகளை அளவெடுத்து மீண்டும் வரைய வேண்டும். நடுவிலுள்ள பெரிய வட்டம் 17 சென்ரிமீற்றர் விட்டம். பள்ளிக்கூடப் பிள்ளையின் கவராயமே போதும். ஆட்டக்காரர் முன்னுள்ள அடிக்கோடுகள் 47 சென்ரிமீற்றர் நீளம், சட்டத்திலிருந்து சுமார் 10 சென்ரிமீற்றர் தள்ளி. வீட்டில் எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அதனிடமே ஒப்படையுங்கள். கேத்திரகணிதம் எதற்கு என்று அந்தப் பிள்ளை பிறகு கேட்காது. மை காய்ந்த பின் மெல்லிய பூச்சாக வார்னிஷ் இரண்டு முறை. வலையைக் கடையில் வாங்க வேண்டியதில்லை; நூலும் பொறுமையும் உள்ள பாட்டி ஒருவர் போதும்.

பழைய விளையாட்டுப் பொருளொன்றின் மீது இத்தனை உழைப்பா என்று சிலர் கேட்கக்கூடும். வேறு நாட்டவர் இதைவிடக் கடினமான ஒன்றைச் செய்கின்றனர். பின்போல் என்றொரு பொறி உண்டு: கண்ணாடி மூடிய சாய்வான மேசை, அதனுள் உருண்டோடும் உருக்குக் குண்டு, பொத்தானை அழுத்தினால் குண்டைத் தட்டிவிடும் இரு சிறு துடுப்புகள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் பழுதான பொறிகளை வாங்கி, வீட்டுக் கொட்டிலில் வைத்து மாதக்கணக்கில் திருத்துகின்றனர். தேய்ந்த இறப்பர் வளையங்களை மாற்றி, கரிபிடித்த மின்தொடுகைகளைத் துடைத்து, ஆட்டப் பரப்புக்கு மெழுகு பூசுகின்றனர்.

அந்தப் பொறியின் வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் இருப்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1942 இல் நியூயோர்க் நகரம் பின்போலைத் தடைசெய்தது. அது சூதாட்டம், பிள்ளைகளின் சில்லறையைப் பறிக்கிறது என்பது நகரபிதா லாகார்டியாவின் வாதம். பொறிகளைப் பறித்துச் சம்மட்டியால் உடைத்தார்கள். அவரே சம்மட்டி ஏந்தி நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அவர் அஞ்சியதில் நியாயம் இல்லாமல் இல்லை. துடுப்புகள் வந்தது 1947 இல்தான். அதற்கு முன் குண்டு போகும் வழி பெரும்பாலும் அதிர்ஷ்டமே. 1976 இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபையினர் முன் ஆடிக் காட்டி, குண்டு எந்த வழியே இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி அவ்வாறே இறக்கினார். இது திறமை என்று ஏற்று, தடையை நீக்கினார்கள்.

நம் தோட்டங்களிலும் கரம் பலகையைச் சுற்றிப் பந்தயம் நடப்பதுண்டு. சம்பளத்தன்று அது சண்டையில் முடிவதும் உண்டு. அதைக் காட்டி, "கரமே வேண்டாம், பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்று சொல்லும் பெரியவர்களை நான் மதிக்கிறேன்; அவர்களோடு உடன்படவில்லை. பந்தயத்தை நிறுத்துங்கள். பலகையின் மீது சம்மட்டி வேண்டாம்.

விளையாட்டு வீண்பொழுது என்ற எண்ணம் பக்தியுள்ள இல்லங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. திருச்சபையின் மாபெரும் இறையியலாளர் புனித தோமா அக்குவினா அவ்வாறு எண்ணவில்லை என்பதைக் குருமடத்தில் படித்தபோது வியந்தேன். அளவான விளையாட்டை நற்பண்புகளின் வரிசையில் வைத்து, விளையாடவே தெரியாமல் பிறருக்குச் சுமையாக இருப்பதைக் குறை என்கிறார் அவர். அதற்குச் சான்றாகப் பழைய துறவியர் மரபிலிருந்து ஒரு கதையையும் எடுத்தாள்கிறார். நற்செய்தியாளரான புனித யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களுள் வில் ஏந்தியிருந்த ஒருவரை அம்பு எய்யச் சொன்னார் யோவான். பல முறை எய்த பின், இப்படி நிறுத்தாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடுமே என்றார் அவர். மனித மனமும் அவ்வாறே என்றார் யோவான். இறைவாக்கினர் செக்கரியாவும் எருசலேம் மீண்டு வரும் நாளைக் காட்டும்போது, தெருக்களில் முதியோர் கோலூன்றி அமர்ந்திருப்பதையும் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையும்தான் காட்டுகிறார்.

சிறுமியரும் என்ற அந்தச் சொல்லில் சற்று நிற்க விரும்புகிறேன். சனசமூக நிலையத்துக் கரம் பலகையில் நம் சிறுமியர் எத்தனை பேர் ஆடக் கண்டிருக்கிறீர்கள்? அங்கே மாலை ஐந்து மணிக்கு மேல் ஆண்கள் மட்டுமே. சில இடங்களில் கசிப்பின் வாடையும் உடனிருக்கும். பெண்பிள்ளை அந்த வாசற்படியை மிதிப்பதில்லை. கொழுந்து எடுத்தோ பால் வெட்டியோ திரும்பி, தண்ணீரும் விறகும் சோறுமாக நிற்கும் தாய்க்கு விளையாட்டு என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. பலகையை வீட்டில் திருத்துங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நிலையத்தில் திருத்தினால் அது மீண்டும் ஆண்களின் பலகையாகிவிடும். மகள் கோடு வரைந்து, பாட்டி வலை பின்னி, தந்தை சட்டம் முடுக்கிய பலகையில், "நீ ஆடக் கூடாது" என்று எவரும் அவர்களுக்குச் சொல்ல முடியாது.

சென்னையில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள் காசிமா, தந்தையிடமே ஆட்டம் பயின்று, 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். அப்போது அவருக்கு வயது 17. அதே சென்னை தந்த மரிய இருதயம் 1991 இலும் 1995 இலும் உலகச் சாம்பியன். நம் நாட்டின் நிஷாந்த பெர்னாண்டோ 2012 இல் உலகச் சாம்பியனானார். நம் பிள்ளைகள் அனைவரும் அப்படி ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏழை வீட்டுக்குள் வைக்கக்கூடிய பலகையிலேயே உலகத் தரமான ஆட்டத்தைக் கற்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டில் இடமேது என்பீர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் ஆறு பேர் உறங்கும் நிலையை நான் அறிவேன். கரம் பலகை அந்தக் காம்பராவுக்கும் அடங்கும் பொருள். ஆடும்போது ஒரு முக்காலி மீது, ஆடாதபோது சுவர் ஆணியில். நால்வர் நான்கு பக்கமும் அமர்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். ஆட்டத் துணைவர் பக்கத்தில் அல்ல, எதிரே அமர்கிறார். ஒரே கூரையின் கீழ் நால்வரும் நான்கு கையடக்கத் தொலைபேசிகளுக்குள் குனிந்திருக்கும் இக்காலத்தில், இந்த ஒரு மணி நேரத்தை நான் சிறிதாக எண்ணவில்லை.

பழுதானதைத் திருத்தாமல் விட்டால் என்னவாகும் என்பதை ஓப்பநாயக்க மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதைப் புகையிரதம் 1919 இல் இவ்வூர் வரை வந்தது. இலாபமில்லை என்று 1970களில் நிறுத்தினார்கள். பின்னர் தண்டவாளமும் போயிற்று. புகையிரதத்தைத் திருப்பிக் கொண்டுவருவது நம் கையில் இல்லை. கரம் பலகை நம் கையில்தான் இருக்கிறது. அதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டாம்.

காலம் பற்றி ஒரு சொல். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். அந்த நாட்களே இந்த வேலைக்கு ஏற்றவை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வார்னிஷ் காயாது. திருத்திய பலகையைச் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். பின்புறம் இரண்டு மரத்துண்டுகளை வைத்து, காற்றுப் போக இடைவெளி விடுங்கள். போரிக் பவுடரைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அது வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். ஆட்டம் முடிந்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே சோற்றில் கை வைக்க வேண்டும்.