நடப்பவனுக்கும் நாட்டில் இடமுண்டு!

ஏடுகளின் உட்பக்கத்திலே நாள்தோறும் ஒரு செய்தி இடம்பெறுகிறது. நான்கைந்து வரிகளுக்குமேல் அது நீள்வதில்லை. சாலையைக் கடக்க முயன்ற கூலித் தொழிலாளி மீது அடையாளம் தெரியாத வாகனம் மோதியது. அவர் அங்கேயே உயிரிழந்தார். போலீசார் விசாரித்து வருகின்றனர். படிப்பவரின் கண் அதன்மீது ஒரு நொடி தங்குகிறது. மறுநொடி அடுத்த செய்திக்குத் தாவிவிடுகிறது.

அடையாளம் தெரியாதது வாகனம் மட்டுந்தானா? மாண்டவனும் அல்லவா அடையாளமற்றுப் போகிறான்! விடியுமுன் எழுந்து, தூக்குச்சட்டியை மிதிவண்டியின் கைப்பிடியிலே மாட்டிக்கொண்டு, ஆலைச் சங்கு ஊதுமுன் சென்று சேர வேண்டுமே என்று மிதித்துச் சென்றவன் அவன். மாலையில் அவன் திரும்புவான், அரிசி வாங்கி வருவான் என்று ஒரு குடிசையிலே நான்கு உயிர்கள் காத்திருந்தன. அந்த நான்கு வரிச் செய்தியிலே இவற்றுக்கெல்லாம் இடமேது?

'விதி முடிந்தது, போய்விட்டான்' என்று ஆறுதல் கூறுவோர் உளர். விதியின் பெயரால் நடைபெறும் எதனையும் 'ஏன்?' என்று கேட்பதற்காகவே பிறந்த இயக்கம் நமது இயக்கம். ஏழையின் வறுமையைத் தலையெழுத்து என்றார்கள், நாம் ஏற்கவில்லை. சாதியின் இழிவை முற்பிறவிப் பயன் என்றார்கள், நாம் ஏற்கவில்லை. சாலையிலே சிந்தும் குருதியை மட்டும் விதி என்று ஏற்றுக்கொள்வோமா?

கணக்கைப் பாருங்கள். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளிலே மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றோர் மட்டும் 32,825 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர்! மொத்த உயிரிழப்பில் பத்தில் ஏழு பங்குக்குமேல் மிதமிஞ்சிய வேகத்தால் நேர்ந்தது என்று அதே அறிக்கை கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்ற மாநிலம் எது? தமிழ்நாடு! 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். கல்வியிலே முதலிடம் என்றால் தோள் தட்டலாம். தொழிலிலே முதலிடம் என்றால் விழா எடுக்கலாம். இந்த முதலிடம் தலைகுனிய வைக்கும் முதலிடமன்றோ!

வேகம் என்ன செய்கிறது என்பதை அறியப் பெரும் படிப்பு தேவையில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், ஒரு நொடியில் 16 மீட்டருக்குமேல் பாய்கிறது. எதிரே ஒரு சிறுவனைக் காண்பதற்கும், ஆபத்தை உணர்வதற்கும், காலைப் பிரேக்கின்மீது வைப்பதற்கும் ஒன்றரை நொடி ஆகிறது எனக் கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும்! அதற்குப் பிறகுதான் வண்டியின் வேகம் குறையவே தொடங்கும். முற்றாக நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். அதே கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்குமானால், 18 மீட்டருக்குள் நின்றுவிடும். மெல்ல வந்த வண்டி நின்றுவிட்ட இடத்தில், விரைந்து வந்த வண்டி இன்னும் பிரேக்கையே தொடவில்லை! சிறுவனுக்குச் சாவா வாழ்வா என்பதை இந்த வேறுபாடே முடிவு செய்கிறது.

இதிலே கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. ஒரு கையில் சக்கரம், மறுகையில் கைப்பேசி. கண் சாலையிலே இல்லை, சிந்தை எங்கோ இருக்கிறது. வந்த செய்தி யாருடையது என்று பார்க்க இரண்டே நொடிதான் என்பர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டு நொடியில் வண்டி 33 மீட்டர் ஓடிவிடுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்கு அது சமம். ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு கடைவீதியில் அரிவாளை வீசினால் அவனை விட்டுவைப்போமா?

'நடப்பவர்களிடம் தவறே இல்லையா? குறுக்கே பாய்வோர் இல்லையா?' என்று கேட்பார்கள். உண்டு. கட்டுப்பாடு அவர்களுக்கும் தேவை, மறுப்பார் இல்லை. ஆனால் நடப்பவன் தவறு செய்தால் மாள்பவன் அவன். ஓட்டுபவன் தவறு செய்தாலும் மாள்பவன் நடப்பவனே! வலிமை எவனிடம் மிகுதியோ, பொறுப்பும் அவனிடமே மிகுதி. அரசியலிலே நாம் பேசும் அதே நீதிதான் சாலையிலும்.

மாற்ற முடியாதா இந்த நிலையை? ஆலந்து நாட்டைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டில் அச்சிறிய நாட்டின் சாலைகளிலே 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து!' என்ற முழக்கத்தோடு பெற்றோர்கள் தெருவிலே இறங்கினர்; சாலைகளை மறித்தனர்; குழந்தைகள் விளையாடத் தெருக்களை மீட்டனர். அந்தக் கிளர்ச்சியின் அழுத்தத்தால்தான் அங்கே மிதிவண்டிக்குத் தனிப்பாதைகள் பெருகின. ஊர்த் தெருக்களில் வேகம் அடக்கப்பட்டது. மக்கள் கேட்டார்கள், பெற்றார்கள்.

நம் நாட்டிலும் நடப்பவனின் உரிமைக்குக் குரல் எழாமலில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012-இல் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அந்த வழக்கிலேதான், தடையற்ற நடைபாதையைப் பெறும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சார்ந்தது என 2025 மே மாதத்தில் நீதிமன்றம் உரைத்தது. சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டிலேயே நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. கொள்கை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. நடைபாதை எங்கே? இருக்கும் இடத்தில் அதன்மீது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இல்லாத இடத்தில் தாய் தன் மகவை இடுப்பிலே சுமந்து லாரிக்குப் பக்கத்திலே நடக்கிறாள். பள்ளி மாணவர்க்கு மிதிவண்டி வழங்கும் திட்டம், ஆட்சிகள் மாறியபோதும் தொடர்ந்து வந்த திட்டம். மிதிவண்டியைத் தந்தால் போதுமா? அதை ஓட்டிச் சென்று உயிரோடு வீடு திரும்பப் பாதையும் தரவேண்டாமா? இதை எந்த ஆட்சியிடமும் கேட்போம். நம் ஆட்சி என்றால் உரிமையோடு கேட்போம்.

ஊராருக்கு உரைத்தது போதும். இனி நமக்குள் பேசுவோம், தோழர்களே!

மிதிவண்டியிலே கொடி கட்டிக்கொண்டு, புழுதி படிந்த பாதைகளிலே ஊர் ஊராகச் சென்று வளர்த்த இயக்கம் இது. இன்று மாநாடு என்றால் கார்கள் அணிவகுக்கின்றன. வளர்ச்சிதான், மகிழ்கிறோம். ஆனால் அந்த அணிவகுப்பு சிற்றூர்களைக் கடக்கும் வேகத்தைக் கண்டதுண்டா? ஒலிப்பான் அலற, முன்வண்டியை முந்த, பின்வண்டி துரத்த, வழியோரத்துக் கிழவி அஞ்சி ஒதுங்குகிறாளே! யாருக்காகக் கட்சி நடத்துகிறோமோ, அவளையே அல்லவா புழுதியிலே தள்ளிவிட்டுப் போகிறோம்! கொடி கட்டிய கார் அவளைக் கடக்கையில், அவள் காண்பது நம் கொள்கையை அன்று, நம் நடத்தையைத்தான்.

நேரமாகிவிட்டது என்பார்கள். 30 கிலோமீட்டர் தொலைவை 90 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 20 நிமிடம். 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 30 நிமிடம். மிச்சம் பத்தே நிமிடம்! நள்ளிரவு வரை மணலிலே அமர்ந்து பேச்சுக் கேட்ட தமிழகம், பத்து நிமிடம் பிந்தி வரும் பேச்சாளரைப் பொறுத்துக்கொள்ளாதா?

ஆகவே, ஒவ்வொரு கிளையும் இதைக் கட்டுப்பாடாக ஏற்கட்டும். ஊர் எல்லை தொட்டதும் வேகம் தணியட்டும். பள்ளி, சந்தை, கோயில், ஆலைவாயில் வந்தால் ஊர்ந்தே செல்லட்டும். கோடிட்ட கடவையிலே ஒருவர் கால் வைத்தால் வண்டி நிற்கட்டும். சக்கரம் கையில் இருக்கும்வரை கைப்பேசி பையிலே கிடக்கட்டும். அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டால் கடந்து போகாதீர்கள். உதவுவோரை வழக்கு தொடராதபடி 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் காக்கிறது. அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தவர் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் முதல் ரூ.2 லட்சம் இழப்பீடு உண்டு. அதை அறியாத குடிசைகள் ஆயிரம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வருவாய்த்துறை அலுவலகம் வரை உடன் செல்வது கிளைச் செயலாளரின் கடமை.

சாலை, காரில் செல்பவனுக்கு எவ்வளவு சொந்தமோ, கால்நடையாய்ச் செல்பவனுக்கும் அவ்வளவே சொந்தம். அவனும் வரி கொடுக்கிறான்; அந்தச் சாலைக்குக் கல் சுமந்தவனும் தார் ஊற்றியவனும் அவனே. அவன் போட்ட சாலையிலே அவன் அஞ்சாமல் நடக்கட்டும். அதற்கு வழிவிட, நம் கால் பிரேக்கைத் தொடட்டும்!