விண்கலம் வந்துசேரும் வரை

அறிவியல் புனைகதை உலகைச் சேர்ந்த புதிய பொம்மை வரிசை ஒன்று அறிவிக்கப்படும் நாளுக்கும், அதன் முதல் பெட்டி சேகரிப்பாளரின் கைக்கு வரும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஓராண்டு ஓடிவிடும். சில வேளை அதற்கு மேலும் ஆகும். முதலில் சிற்பி ஒருவர் உருவத்தை வடிக்கிறார். இப்போது பலர் அதைக் கணினியிலேயே செய்கிறார்கள். அதிலிருந்து மூட்டுகள் பிரிக்கப்பட்டு உருக்கு அச்சு வெட்டப்படுகிறது. அச்சு வெட்டுவதுதான் இத்தொழிலில் அதிகப் பணமும் காலமும் விழுங்கும் கட்டம். பிறகு சோதனை வார்ப்பு, வர்ணம், பாதுகாப்புப் பரிசோதனை, கப்பல். உருக்கில் ஒருமுறை வெட்டியதை மாற்றுவது கடினம் என்பதால், முகத்தின் ஒரு கோடு பிசகினாலும் அந்தப் பிழை ஆயிரக்கணக்கான பிரதிகளில் பதிந்துவிடும். முன்னோட்டப் படம் ஒன்று வெளியானதும் சேகரிப்பாளர்கள் அதைப் பெரிதாக்கி, தோள்மூட்டையும் கண்புருவத்தையும் மணிக்கணக்கில் அலசுவதற்குக் காரணம் இதுதான். திருத்தக்கூடிய காலம் குறுகியது என்பதை அவர்கள் அறிவார்கள்.

இந்தக் காத்திருப்பையே விலை போட்டு விற்றது அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்த கென்னர் கொம்பனி. ஸ்டார் வோர்ஸ் படம் 1977 மே 25 அன்று திரைக்கு வந்தது. அது அத்தனை பெரிய வெற்றி பெறும் என்று பலர் எண்ணவில்லை. 8 அங்குலப் பொம்மைகளுக்குப் பேர்போன மீகோ கொம்பனி, இந்தப் படத்தின் உரிமையை வேண்டாமென்று விட்டிருந்தது. உரிமையைப் பெற்ற கென்னரிடம் நத்தாருக்குக் கடைகளில் அடுக்க உருவங்கள் ஆயத்தமாக இல்லை. ஆகவே கொம்பனித் தலைவர் பெர்னார்ட் லூமிஸ் தலைமையில் ஓர் அட்டை உறை கடைகளுக்கு அனுப்பப்பட்டது. உள்ளே ஒரு பொம்மைகூட இல்லை. நிறுத்திவைக்க ஓர் அட்டைப் பின்னணி, சில ஒட்டுப்படங்கள், ஒரு சங்க உறுப்பினர் அட்டை, அனுப்பிவைக்க வேண்டிய ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். சான்றிதழைத் தபாலில் போட்டால் 1978 பெப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் நான்கு உருவங்கள் வீடு தேடி வரும்: லூக், லேயா, சுபாக்கா, ஆர்2-டி2. பெற்றோர் பலர் இதை ஏமாற்று என்று கருதியிருக்கக்கூடும். ஆனால் சொன்ன உருவங்கள் சொன்னபடியே வந்தன. 1978 ஒரே ஆண்டில் விற்ற ஸ்டார் வோர்ஸ் உருவங்கள் 4 கோடிக்கு மேல்.

அந்த நான்கு உருவங்களைவிட முக்கியமானது அவற்றின் அளவு. 1964இல் ஹஸ்ப்ரோ வெளியிட்ட முதல் ஜி.ஐ. ஜோ சிப்பாய் 12 அங்குல உயரம். அந்த உயரத்தில் ஒரு வீரனுக்கு ஜீப் செய்யலாம். பலர் ஏறும் பெரிய விண்கலம் செய்ய முடியாது. செய்தால் அதை வைக்கத் தனி அறை வேண்டும். கென்னர் தேர்ந்த அளவு மூன்றே முக்கால் அங்குலம், அதாவது சுமார் 9.5 சென்ரிமீற்றர். ஓர் ஆளின் உயரத்தில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. இந்த அளவில் விமானி கலத்துக்குள் உட்காரலாம், கலம் ஒரு சிறுவனின் கைக்குள் அடங்கலாம். அதுவரை நாயகனின் பொம்மையை வாங்கினாலே போதும் என்றிருந்தது. இதன் பிறகு அவன் ஏறிப் பறக்கும் கலமும், அந்தக் கலத்தை நிரப்பப் பத்துப் பன்னிரண்டு துணைப் பாத்திரங்களும் தேவைப்பட்டன. வியாபாரம் என்ற அளவில் இதைவிடக் கூர்மையான முடிவு பொம்மைத் தொழிலில் எடுக்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே. விளையாட்டு என்ற அளவிலும் அது நல்ல முடிவுதான். குழந்தைக்கு ஓர் உலகமே கிடைத்தது.

கலத்தை அளவுக்குச் சுருக்குவது தனிக் கலை. மில்லேனியம் ஃபால்கன் கதையில் சுமார் 34 மீற்றர் நீளம். உருவங்களின் அளவுக்கு நேர்மையாகச் செய்தால் பொம்மை ஏறத்தாழ 1.9 மீற்றர் வரும். நல்ல உயரமான ஆளைவிட நீளம். கென்னர் 1979இல் விற்ற ஃபால்கனின் நீளமோ அரை மீற்றரைச் சற்றே தாண்டும். வெளித் தோற்றத்தைக் கடுமையாகச் சுருக்கிய வடிவமைப்பாளர்கள், உள்ளே மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை: விமானியறை, சுழலும் பீரங்கி இருக்கை, ஆட்ட மேசை, கள்ளப் பொருள் ஒளிக்கும் தரையறை எல்லாம் இருந்தன. மேல்மூடியைக் கழற்றினால் கதையே விரிந்தது. இன்றைக்கும் புதிய வரிசை ஒன்றில் கலம் இருக்கிறது என்ற செய்தி கசிந்ததும் சேகரிப்பாளர்கள் கேட்கும் முதற் கேள்விகள், எத்தனை பேர் உள்ளே அமரலாம், கதவு திறக்குமா, கால்கள் மடங்குமா என்பவைதான். பேராசையும் சில வேளை சறுக்கியது. ஹஸ்ப்ரோ 1987இல் ஜி.ஐ. ஜோ வரிசைக்கு வெளியிட்ட டிஃபையண்ட் என்ற விண்ணோட ஏவுதளத் தொகுதி, பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத விலையிலேயே கடைகளில் நின்றது.

பாதுகாப்புச் சோதனை ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது என்று பொறுமையிழப்போர் ஒரு சம்பவத்தை நினைவில் வைக்க வேண்டும். 1978 முடிவில் அமெரிக்காவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், மட்டெல் கொம்பனியின் பேட்டில்ஸ்டார் கலக்டிக்கா விண்கலத்திலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி உயிரிழந்தான். அப்போது கென்னர், போபா ஃபெட் என்ற உருவத்தை முதுகிலிருந்து ஏவுகணை பாயும்படி செய்து தருவதாக விளம்பரம் செய்துவிட்டிருந்தது. உடனே அந்தப் பொறி கைவிடப்பட்டு, ஏவுகணை முதுகோடு ஒட்டப்பட்ட உருவமே தபாலில் போனது. ஏவுகணை பாயும் முன்மாதிரிகள் சில மட்டும் எஞ்சின. அவற்றுள் ஒன்று 2024இல் 5 இலட்சத்து 25 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. பொம்மை வரலாற்றின் மிக விலையுயர்ந்த பொருள்களில் ஒன்று, குழந்தைகளுக்கு விற்கக்கூடாது என்று நிறுத்தப்பட்ட பொருள். அந்த நிறுத்தம் சரியானது. சேகரிப்பாளர் எவரும் அதற்காக வருந்தத் தேவையில்லை.

தமிழ் நிலத்தோடு இந்த வரலாறு தொடுமிடம் சென்னை. எம்.ஆர்.எஃப். கொம்பனியும் ஹஸ்ப்ரோவும் கூட்டாக 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆலைகள் கோவாவிலும் இராணிப்பேட்டையிலும். ஹஸ்ப்ரோ 1982இல் மூன்றே முக்கால் அங்குலத்துக்கு மாற்றிய ஜி.ஐ. ஜோ உருவங்களை அது இந்தியாவில் வார்த்து விற்றது. உருக்கு அச்சுகள் நாடு விட்டு நாடு பயணம் செய்யும் பொருள்கள். அமெரிக்காவில் பழசாகிப்போன அச்சு, இன்னொரு நாட்டில் புதிய பொம்மையாகப் பிறப்பெடுக்கும். அப்படி வந்த அச்சுகளில் கிடைத்த பிளாஸ்டிக்கையும் வர்ணத்தையும் கொண்டு வார்க்கப்பட்ட இந்தியப் பிரதிகள், மூலத்தில் இல்லாத நிறங்களைப் பெற்றன. சாம்பல் சீருடை மஞ்சளானது, பச்சை நீலமானது.

1994இல் ஹஸ்ப்ரோ அமெரிக்காவில் அந்த வரிசையை நிறுத்தியது. ஃபன்ஸ்கூல் நிறுத்தவில்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்தியக் கடைகளில் அந்த உருவங்கள் தொங்கின. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இந்தியாவில் ஆள் பிடித்து அவற்றை அட்டையோடு வரவழைக்கத் தொடங்கினர். மேற்கில் தொடங்கிய காத்திருப்பு இப்போது கிழக்கைப் பார்த்துத் திரும்பியது. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு சிறுவன் பிறந்தநாளுக்கு வாங்கி, அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு விளையாடிய பொருளை, ஓஹியோவில் ஒருவர் கண்ணாடிப் பேழைக்காகத் தேடினார். மலிவான பிரதிகள் என்று ஒதுக்கப்பட்ட இவற்றை ஒரு தனி மரபாகவே மதிக்க வேண்டும். ஆலைத் தொழிலாளர் கலந்த நிறத்துக்கு உலகில் வேறெங்கும் இணை இல்லை என்பதுதான் அவற்றின் மதிப்பு.

இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அது மலைநாட்டின் வழியாக வருகிறது. ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008இல் கொழும்பில் காலமானவர். ஸ்டான்லி கியூப்ரிக்குடன் அவர் உருவாக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968இல் வெளியானபோது, அதில் வரும் ஓரியன் விண்ணோடத்தை ஒட்டிப் பொருத்தும் மாதிரியாக அரோரா கொம்பனி விற்றது, அடுத்த ஆண்டு நிலவுப் பேருந்தும் வந்தது. மற்றக் கலங்களுக்குச் சேகரிப்பாளர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வேறு படங்களில் மீண்டும் பயன்பட்டுவிடக்கூடாது என்று கியூப்ரிக் படத்தின் மாதிரிகளை அழிக்கச் சொன்னதால், அளந்து பார்க்க மூலம் இல்லாமல் போனது. தப்பிப் பிழைத்த ஏரிஸ் கலத்தின் மாதிரி 2015இல் ஏலத்துக்கு வந்தது. ஒஸ்கார் விருது வழங்கும் அமைப்பு 3 இலட்சத்து 44 ஆயிரம் டொலருக்கு அதை வாங்கியது.

கிளார்க் 1979இல் எழுதிய ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கி ஒரு புனித மலையுச்சியில் நிறுவப்படுகிறது. அந்த மலைக்கு முன்மாதிரி, அட்டனிலிருந்து நல்லதண்ணி வழியாக யாத்திரிகர் ஏறும் 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாதமலை. மின்தூக்கிக்கு நிலநடுக்கோடு தேவை என்பதால் தீவையே தெற்கே நகர்த்தி எழுதினார் அவர். ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு பெரும் விருதுகளையும் பெற்ற நாவல் இது. விண்வெளிக்கான வாசலை உலகப் புனைகதை தேயிலை மலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறது என்பதைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு பொம்மை வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான கரு கிடைப்பது அரிது.

இன்றைய காத்திருப்பு கென்னரின் வெற்று உறையைவிட நீளமானது. ஹஸ்ப்ரோ 2018இல் ஹாஸ்லாப் என்ற முறையைத் தொடங்கியது. குறித்த எண்ணிக்கையானோர் பணம் கட்ட உறுதியளித்தால் மட்டுமே பெரிய கலம் தயாரிக்கப்படும். முதலில் வந்த, ஸ்டார் வோர்ஸ் பாத்திரமான ஜபாவின் பாய்க்கலம் 500 டொலர். 5,000 பேர் வேண்டியிருந்தது, 8,800க்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். 2020இல் ரேசர் கிரெஸ்ட் கலத்துக்கு 28,000 பேருக்கு மேல் பதிந்தனர். 2021இல் ரேங்கர் என்ற பிராணிக்கு 9,000 பேர் சேரவில்லை; திட்டம் கைவிடப்பட்டது. ஃபோர் ஹோர்ஸ்மென் போன்ற சிறு கலைக்கூடங்கள் 2021இல் தொடங்கிய கொஸ்மிக் லீஜன்ஸ் போன்ற வரிசைகளையும் முன்பதிவை நம்பியே வார்க்கின்றன. சிறு கலைக்கூடத்துக்கு வேறு வழியில்லை. அச்சுக்கான பணம் அப்படித்தான் திரள்கிறது. பெருங்கொம்பனி அதே வழியில் போகும்போது விற்பனைப் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில் ஏறுகிறது. கடையில் கண்டு, கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் சிறுவனுக்கு இந்தக் கலங்களில் இடமே இல்லை. இது இத்துறைக்கு நல்லதல்ல.

டயகம போன்ற மலைநாட்டுத் தோட்டப் பகுதியில் இருக்கும் சேகரிப்பாளருக்குக் கணக்கு இன்னும் கடினம். 6 அங்குல உருவம் ஒன்று 2024இல் சுமார் 25 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 7,500 ரூபா. தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் அது ஐந்தரை நாள் கொழுந்து பறித்த கூலி. 350 டொலருக்கு விற்ற ரேசர் கிரெஸ்ட் 78 நாள். அனுப்பும் செலவும் சுங்கத் தீர்வையும் இதில் சேரவில்லை. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டபோது, முன்பதிவு செய்தோர் எவ்விடத்தில் இருந்தாலும் கடைசித் தவணையில் தடுமாறவேண்டிய நிலைதான்.

பணம் இருந்தாலும் முகவரி ஒரு தடை. தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் வீட்டுக்கு வீடு தபால் முகவரி இல்லாத குறை தலைமுறைகளாகத் தொடர்கிறது. கடிதமும் பொதியும் தோட்ட ஆபீஸ் வழியாகவே வருவது வழக்கம். கென்னரின் சான்றிதழைப் போல எந்தத் தபால் முன்பதிவுக்கும் முதலில் வேண்டியது முகவரிதான். ஆகவே தலவாக்கலையிலோ அட்டனிலோ கடை வைத்திருப்பவரின் முகவரி, கொழும்பில் வேலை செய்யும் உறவினர், லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வருபவரின் பயணப்பெட்டி ஆகியவையே மலைநாட்டுக்குப் பொம்மை வரும் பாதைகள். தனிவீட்டுத் திட்டங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் வீதிப் பெயரும் கிடைப்பது, ஆவணங்களுக்கும் வேலைவாய்ப்புக் கடிதங்களுக்கும் எவ்வளவு அவசியமோ, இந்தச் சிறு மகிழ்ச்சிக்கும் அவ்வளவு அவசியம்.

காத்திருக்கத் தேவையில்லாத கலங்களும் உண்டு. நாசா தன் உண்மையான விண்கலங்களின் முப்பரிமாணக் கோப்புகளை இலவசமாகத் தருகிறது. கசினி, கலிலியோ போன்றவற்றுக்கு வெட்டி ஒட்டும் காகித மாதிரிகளும் உள்ளன. ஒரு பிரதி எடுக்கும் காசு, கத்தரிக்கோல், பசை, கொஞ்சம் தடித்த அட்டை போதும். அளவை மட்டும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்: கையிலிருக்கும் உருவம் 9.5 சென்ரிமீற்றர் என்றால், கலத்தை உண்மை அளவில் பதினெட்டில் ஒன்றாகக் கொண்டு, இடம் போதாதபோது வெளியைச் சுருக்கி விமானியறையை மட்டும் முழு அளவில் விட வேண்டும். 1979இல் கென்னரின் வடிவமைப்பாளர்கள் கையாண்ட முறையும் அதுவே.