பிறவாத பொருளுக்கு விலை

ஊர் கூடித் தேரிழுப்பது நம்மவர்க்குப் புதிதன்று. தோட்டங்கள் பலவற்றில் மாரியம்மன் திருவிழாவுக்குச் சம்பளத்திலேயே ஒரு தொகை பிடிக்கப்படுகின்றது. அதற்காக எவரும் முகஞ்சுளிப்பதில்லை. மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா செல்கின்றது. சீட்டுப் பிடிக்கும் அக்காளிடம் மாதந்தோறும் பணம் சேருகின்றது. ஆனால், திருவிழாத் தேர் கண்முன்னே நிற்பது. இனிமேற்றான் செய்யப்படவேண்டிய ஒரு தேருக்கு எவரேனும் முன்பணம் கேட்டால் நாம் கொடுப்போமா?

இது வேடிக்கைக் கேள்வியன்று. லயத்துப் பிள்ளைகள் பலர் இன்று தொழினுட்பக் கல்வி பெறுகின்றனர். சந்தையிற் கிடைக்கும் மின்னணு உறுப்புக்களை இணைத்துப் பயனுள்ள சிறு கருவிகளைத் தாமே ஆக்கும் திறமை அவர்களுக்கு உண்டு. கருவி ஒன்றைக் கைக்காசில் செய்துவிடலாம். ஐம்பது செய்வதற்கு முதல் வேண்டும். வங்கி பிணை கேட்கும். நிலமும் வீடும் தம் பெயரில் இல்லாத குடும்பத்தார் எதனைப் பிணை வைப்பர்? ஆதலின் எஞ்சி நிற்பது ஒரு வழியே. அக்கருவி எவருக்கு வேண்டுமோ, அவர்களிடமே முன்கூட்டிப் பணம் பெற்றுச் செய்து கொடுப்பதே அது.

இவ்வழியாற் பெருங் காரியங்கள் நடந்ததுண்டு. 1975ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 'பொப்யுலர் எலெக்ட்ரோனிக்ஸ்' என்னும் அமெரிக்க சஞ்சிகையின் அட்டையில் 'அல்டெயர் 8800' என்ற சிறு கணினியின் படம் வெளிவந்தது. அதனை ஆக்கிய எட் ரொபேர்ட்ஸ் என்பவரின் சிறு கம்பனி அப்பொழுது கடனில் மூழ்கியிருந்தது. சில நூறு பேர் வாங்கினாற் போதும் என்றிருந்தவருக்கு ஆயிரக்கணக்கில் முன்பணம் வந்து குவிந்தது. வியப்பு யாதெனில், அட்டையிற் காணப்பட்டது வெறும் பெட்டியே! முதலிற் செய்த மாதிரி, சஞ்சிகை அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட வழியிலே தொலைந்து போயிற்று. பணம் கட்டியோர் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். எனினும் கணினி வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வீடு கணினி என்ற நிலைக்கு அது வழி திறந்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், 251 ரூபாவுக்குக் கைபேசி தருவதாக இந்தியாவின் நொய்டா நகரிலிருந்து ஒரு விளம்பரம் எழுந்தது. மக்கள் முண்டியடித்துப் பதிவு செய்தனர். காட்டப்பட்ட மாதிரியிலோ, வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது. வாக்களித்த அளவிற் கைபேசிகள் வரவேயில்லை. முன்னையதிற் பெட்டி வெறுமையானது, செய்தவர் உண்மையானவர். பின்னையதிற் பெட்டி நிறைந்திருந்தது, உள்ளிருந்த பொருளோ பிறருடையது. படத்தை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் யார் வேறு பிரித்தறிய வல்லார்?

நேர்மை ஒன்றே போதும் என்றும் சொல்வதற்கில்லை. இத்தகைய முன்பணங்களைத் திரட்டுவதற்கென்றே அமெரிக்காவில் 2009இல் 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் நிறுவனம் தோன்றிற்று. வரைந்த படங்களை நம்பிப் பலர் பணம் கொடுப்பதைக் கண்ட அந்நிறுவனம், கருவி செய்வோர் கற்பனைப் படங்களைக் காட்டலாகாது, உண்மையிற் செய்த மாதிரியையே காட்டவேண்டும் என்று 2012இல் விதித்தது. அதன் பின்னரும் 2014இல் குளிர்ப்பெட்டி ஒன்றுக்காக 62,000 பேருக்கு மேல் ஒரு கோடியே முப்பது இலட்சம் டொலருக்கு அதிகமாகக் கொடுத்தனர். வாங்கிய விலை செலவுக்குப் போதாமல், மேலும் பணம் தருவோர்க்கு விரைவில் அனுப்புவதாகச் சொல்லும் நிலை வந்தது. 2019இல் அம்முயற்சி மூடப்பட்டபொழுது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வெறுங்கையுடன் நின்றனர். கணக்குப் பிழைத்தால் நல்லெண்ணமும் பிழைத்துப் போகும்.

இவற்றினும் மேலான பாடம் நம் சப்பிரகமுவ மலைகளிலேயே இருக்கின்றது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல, ஒரு காலத்தில் ஓடை நீரின் விசையாலேயே இயங்கின. பின்னர் நாட்டின் மின்கம்பி வந்ததும் அவ்வியந்திரங்கள் துருப்பிடித்தன. அந்த அறிவு மட்டும் அழியவில்லை. 1990ஆம் ஆண்டுகளில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் ஒதுக்கமான சிங்களக் கிராமங்களில் அது மீண்டும் தளிர்த்தது. மண்ணெண்ணெய் விளக்கே கதியென்றிருந்த அக்கிராமத்தார், மின் நுகர்வோர் சங்கம் அமைத்தனர். வீட்டுக்கு இவ்வளவு என்று பணமும், இத்தனை நாள் உழைப்பும் பங்காக வைத்தனர். ஓடையிற் சிற்றணை கட்டி, கால்வாய் வெட்டி, மேட்டிலிருந்து குழாய் வழியே நீரை இறக்கினர். உள்நாட்டுப் பட்டறைகளிற் செய்த சுழலி அந்நீரின் வேகத்திற் சுழன்றது. சாதாரண மோட்டார் ஒன்றே மறுதலையாகச் சுற்றப்பட்டு மின்னாக்கியாயிற்று. எஞ்சிய மின்சாரத்தைச் சூடாக்கும் கம்பிக்குத் திருப்பி மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டது. 1997இல் உலக வங்கியின் உதவித் திட்டம் வந்தபின், இத்தகைய சங்கங்களுக்குக் கடனும் மானியமும் கிட்டின.

விளக்கு எரியுமுன்பே பணம் கொடுத்தவர்கள் அவர்கள். அப்பணம் ஏன் வீண்போகவில்லை? கொடுத்தவனே கல் சுமந்தான். கால்வாய் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றது என்பதைத் தினமும் நடந்து பார்த்தான். கணக்கை வைத்திருந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். இயந்திரம் பழுதானால் எவரைக் கேட்பது என்பதும் தெரிந்திருந்தது. தேசிய மின்கம்பி வந்ததும் அந்நிலையங்களிற் பல ஓய்ந்தன என்பது மெய்யே. ஆயினும் வேண்டிய காலத்தில் அவை ஒளி தந்தன.

இனி நம் லயங்களின் செய்திக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து ஊரையே மூடியது. அதே மழையிற் புளத்கொஹுபிட்டியவிற் தோட்டக் குடியிருப்பும் மண்ணிற் புதைந்தது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழித்திருக்கவும், 100 ஆனால் ஆயத்தமாகவும், 150 ஆனால் வெளியேறவும் வேண்டுமெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவுகள் வகுத்துள்ளது. நள்ளிரவில், கொட்டும் மழையில், அளவுகோலை யார் எழுந்து பார்ப்பது? நேர்ச்சுவர்க் குழாய் ஒன்றில் அம்மூன்று உயரங்களிலும் கம்பி பொருத்தி, நீர் தொட்டவுடன் மணி ஒலிக்கச் செய்வது பெருவித்தையன்று; நம் பிள்ளைகளாற் செய்யக்கூடியதே. அதிகாரிகளின் எச்சரிக்கைக்கு அது மாற்றாகாது. தூங்குவோரை எழுப்பும் துணையாகும். லயத்துக்கு ஒன்று என்று ஒரு தோட்டம் முன்பணம் சேர்த்தால் அது கைகூடும்.

கொடுப்பதற்கு முன் நாலு காரியங்களைக் கேட்க வேண்டும். முதலாவது, கருவி ஒன்று பிரட்டுக்களத்தில் எல்லார் முன்னிலையிலும் இயங்கிக் காட்டவேண்டும், படம் போதாது. இரண்டாவது, உறுப்பு விலை, செய்வோன் கூலி, பழுது பார்க்கும் செலவு ஆகிய யாவும் எழுத்தில் வரவேண்டும். கூலியை விட்டுவிட்டு மலிவு காட்டும் பிள்ளை, பாதி வழியில் நின்றுவிடுவான். மூன்றாவது, பணம் சங்கத்தின் பெயரில் இருவர் கையொப்பத்துடன் இருந்து, வேலை நடக்க நடக்கக் கொடுக்கப்பட வேண்டும். நாலாவது, தவணை தவறினால் எஞ்சியதைத் திருப்பும் வகை முன்னரே பேசப்பட வேண்டும்.

கொடுப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. முன்பணம் கடையிற் கொடுக்கும் விலையன்று, அது பங்கு. பங்காளி பொறுமையாயிருக்க வேண்டும். ஒளிக்காமற் கணக்குக் காட்டும் பிள்ளை ஒரு மாதம் பிந்தினால் அவனைக் கள்ளனென்று தூற்றலாகாது. ஒருமுறை தூற்றப்பட்டவன் மறுமுறை தோட்டத்துக்கென்று எதுவும் செய்ய முன்வரான்.

கொழுந்தெடுத்தும் பால்வெட்டியும் பெற்ற காசு அரிய காசு. ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதும் தகாது; கையை மூடிக்கொண்டு இருப்பதும் தகாது. கண் திறந்திருக்கட்டும், கையும் திறக்கட்டும்.