லயத்திற்கு எட்டாத செய்தி

ஐப்பசி பிறந்தால் நமுனுகுல மலையின் சிகரங்கள் மேகத்துள் மறைந்துவிடுகின்றன. ஊவாவுக்கு மழை தரும் காலம் அது. மண் சரியும் காலமும் அதுவே. துணைக்கோள்கள் நம் மலைகளைப் படமெடுத்து உடனுக்குடன் அனுப்புகின்றன என்று மாணாக்கருக்குக் கற்பிக்கிறோம். எத்துணை உடன் என்பதே நமது வினா.

1972இல் ஏவப்பட்ட முதலாவது லேண்ட்சாட் ஓரிடத்தை மீண்டும் காணப் பதினெட்டு நாட்களாயின. மேகம் மூடினால் அதுவும் வீண். ராடார் கருவிக்கு மேகம் தடையன்று. அத்தகைய ஐரோப்பியத் துணைக்கோளான சென்டினல்-1இன் தரவுகள் 2014 ஒக்டோபர் முதல் யாவருக்கும் இலவசமாயின. எடுத்த படம் ஒரு நாளுக்குள் கிடைக்கும். ஆனால் ஒற்றைத் துணைக்கோள் அதே பாதைக்குத் திரும்பப் பன்னிரண்டு நாட்கள் வேண்டும். ஜப்பானின் ஹிமாவாரியோ பத்து நிமிடத்துக்கொரு முறை மேகங்களைக் காட்டுகிறது. மேகத்தினடியில் நனைந்து கனக்கும் மண்ணைக் காட்டுவதில்லை.

அதே 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்நிலம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்! இங்கே துணைக்கோளின் வேகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சொல்லியும் போகவில்லையே என்று பின்னர் குறை கூறியோர் உண்டு. எங்கே போவது? நிலம் தோட்டத்துக்குரியது, வேலையோடு பிணைந்தது லயத்து அறை. தப்பியவர்களே ஓராண்டுக்கு மேல் முகாமில் கிடந்தார்களன்றோ?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின. பேரிடர் வேளையில் விண்வெளி நிறுவனங்கள் இலவசமாகப் படம் வழங்கும் சர்வதேச ஏற்பாடு 2000 முதல் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆயினும் பெரும்பாலும் அது புதையுண்ட இடத்தைக் காட்டவே வருகிறது.

மழைமானி அதைவிட முந்திப் பேசும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்பது அந்நிறுவனம் வகுத்த அளவு. தோட்டப் பாடசாலை மாணவனும் இதை அளந்து சொல்லக்கூடும்; ஆசிரியர்கள் இப்பணியை ஏற்க வேண்டுகிறோம். ஆனால் 150ஐத் தொடும் இரவில் குடும்பங்கள் ஒதுங்க வேண்டிய இடம் எது, அங்கே செல்லும் வழி எது என்பதைத் தோட்ட நிர்வாகமும் அரசும் அடுத்த ஐப்பசிக்கு முன்னரே முடிவு செய்து, தமிழில் எழுதி, ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் ஒட்டியாக வேண்டும்.