அம்மாவின் காலுறை ஏன் காலி?

டிசம்பர் பிறந்துவிட்டால் நிலையத்துக்கு அழைக்கும் நேயர்கள் பாட்டோடு ஒரு யோசனையும் கேட்பார்கள். “பிள்ளைகளோட கிறிஸ்துமஸ் காலுறையில இந்த வருஷம் என்ன வைக்கலாம்?” பேரங்காடியில் தொங்கும் சிவப்புக் காலுறையை வாங்குவது சுலபம். நிரப்புவதுதான் தலைவலி. மிட்டாய், பேனா, இன்னும் கொஞ்சம் மிட்டாய் என்று முடித்துவிடுகிறோம். மற்ற நாட்டுக் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா?

முதலில் காலுறையின் கதை. இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரில், நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் புனித நிக்கோலஸ். மூன்று மகள்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஓர் ஏழையின் வீட்டுக்குள், இரவில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிச்சைப் போட்டாராம். அது காயப்போட்டிருந்த காலுறைக்குள் விழுந்ததாகப் பின்னாளில் கதை வளர்ந்தது. காலுறை நுனியில் ஆரஞ்சுப் பழம் வைப்பது அந்தப் பொன்னின் நினைவாகத்தான் என்பார்கள்.

நெதர்லாந்தில் காலுறை அல்ல, காலணி. டிசம்பர் 5ஆம் தேதி நிக்கோலஸ் திருநாள் இரவு. அதற்கு முந்திய வாரங்களில் பிள்ளைகள் தங்கள் காலணிக்குள் ஒரு கேரட்டை வைத்துவிட்டுத் தூங்குவார்கள். அது நிக்கோலஸ் ஏறிவரும் குதிரைக்கு! காலையில் கேரட் போய், சின்னப் பரிசு இருக்கும். பெயரின் முதல் எழுத்து வடிவில் சாக்லேட்டும் கிடைக்கும். பெரியவர்களுக்கு இன்னொரு வேடிக்கை: பரிசோடு, அதைப் பெறுபவரைக் கிண்டல் செய்து ஒரு கவிதை. கீழே கையெழுத்து நிக்கோலஸ்!

ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்திய 13 இரவுகளில் 13 குறும்புக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். சன்னலில் வைத்த காலணியில் சின்னப் பரிசு போடுவார்கள். சேட்டை செய்த பிள்ளைக்கு உருளைக்கிழங்கு! இத்தாலியில் ஜனவரி 5 இரவு, துடைப்பத்தில் பறந்து வருகிறாள் பெஃபானா பாட்டி. சொல்பேச்சு கேளாத பிள்ளையின் காலுறையில் கரி இருக்கும். இப்போது அது கரிபோல் செய்த கறுப்புச் சர்க்கரை மிட்டாய்தான். அதே இரவில் போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள் பெட்டியில் புல் நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். மூன்று அரசர்களின் ஒட்டகங்கள் பசியோடு வருமே!

குதிரைக்குக் கேரட், ஒட்டகத்துக்குப் புல். கவனித்தீர்களா? பரிசு வாங்கும் முன் பிள்ளை எதையோ கொடுக்கிறது. வருபவருக்கும் பசிக்கும், களைப்பாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறது.

நம் வீடுகளில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எல்லார் காலுறையையும் நிரப்புவது பெரும்பாலும் அம்மாதான். காலையில் அவர் காலுறை மட்டும் தட்டையாகத் தொங்கும். நமக்குத் தேவையான யோசனை இங்கேதான் இருக்கிறது.

வீட்டில் எல்லார் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்குங்கள். தாத்தா பாட்டியையும் விடாதீர்கள். யார் பெயர் வருகிறதோ அவர் காலுறை உங்கள் பொறுப்பு. செலவு பத்து வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. ஆனால் டச்சுக்காரர்களைப்போல் நான்கு வரி கண்டிப்பாக எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், அந்த ஆளை நாம் எவ்வளவு கவனித்திருக்கிறோம் என்று.

சென்ற ஆண்டு என் அக்கா மகனுக்கு அம்மா சீட்டு விழுந்தது. பதினொரு வயதுப் பையன் இரண்டே வரி எழுதினான்:

“சாப்பிட வாங்கடான்னு பத்து தடவை கூப்பிடும் அம்மா,
நீங்க எப்போ சாப்பிட்டீங்க, சொல்லுங்கம்மா!”

அக்கா படித்தார். அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் சமையலறைக்குள் போய்விட்டார்.

இந்த வருஷம் நீங்களும் எழுதிப் பாருங்கள். எதுகை, மோனை வராவிட்டால் பரவாயில்லை. எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்; கண் தெளிவில்லாத தாத்தாவும் கேட்கட்டும். அதற்கு ஒலிவாங்கி வேண்டாம், வரவேற்பறை போதும்.