நாலு பேருக்காக ஒரு ஓய்வூதியத் திட்டம்

ரொம்ப நாளா டிராஃப்ட்டிலேயே கிடந்த பதிவு இது. வாட்ஸப்பில் ரெண்டு குரூப்பு அடிச்சுக்கறதைப் பார்த்த பிறகு வெளியே எடுத்துப் போடறேன். ஒரு குரூப்பு சொல்லுது: மாசம் 5,000 எஸ்.ஐ.பி. போடு, காபி டே காபியை விடு, சினிமாவை விடு, அறுபது வயசுல நீ கோடீஸ்வரன். இன்னொரு குரூப்பு: அட போய்யா, நாளைக்கு யார் இருப்பான்னு யாருக்குத் தெரியும், லோனைப் போட்டாவது பாலி தீவுக்குப் போ. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சமாதானப் புறா வந்து "எல்லாம் பேலன்ஸ் தான் பாஸ்" என்று சொல்லிட்டுப் பறந்துடும்.

இந்தச் சண்டையே தப்பான இடத்துல நடக்குதுங்கறது என் கட்சி. நம்ம ஊர் நடுத்தர வர்க்கத்துக்காரன் இன்னிக்கு அனுபவிச்சதால வயசான காலத்துல கஷ்டப்படலை. சேர்த்து வைக்கிறேன்னு இன்னிக்கு வாழாமலும் இல்லை. அவன் ரெண்டையும் செய்யலை. காசு மூணாவதா ஒரு ஆளுக்குப் போயிருக்கு. அந்த ஆள் பெயர் "நாலு பேரு".

எதை வச்சுச் சொல்றேன்னு கேட்பீங்க. கோவையில ஒரு தனியார் கம்பெனியில கணக்குப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டறேன். பி.எஃப். சமாச்சாரம் எல்லாம் என் மேஜைதான். இப்போ எல்லாமே ஆன்லைன் என்றாலும், ஓ.டி.பி. வரலைன்னு மொபைலைத் தூக்கிட்டு எங்கிட்டதான் வருவாங்க. பி.எஃப்.லிருந்து இடையில் பணம் எடுக்கற ஃபார்ம் 31 இருக்கே, அதுல காரணம் சொல்லணும். வைத்தியம், வீடு, கல்யாணம், படிப்பு இப்படி. ஜாலியா ஊட்டி போயிட்டு வரணும்னு எழுத அதுல இடமே கிடையாது. அதாவது, வாழ்நாள் சேமிப்பைக் காலி பண்ணணும்னா கல்யாணம் மரியாதையான காரணம், ஊட்டி மரியாதை இல்லாத காரணம். 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு விதிகளைத் தளர்த்த முடிவு செஞ்சாங்க. கல்யாணத்துக்கு அஞ்சு தடவை வரை எடுத்துக்கலாமாம்! (அஞ்சு கல்யாணம் பண்ணச் சொல்லலை, உடனே கிளம்பிடாதீங்க :-)) காரணமே சொல்லாம எடுக்கவும் ஒரு வழி அதுல உண்டு. கால் பங்கை மட்டும் தொடாம வைக்கணும்னு ஒரு நல்ல விஷயத்தையும் சேர்த்திருக்காங்க. அதுக்கே எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்குக் கோபம்.

என் மேஜைக்கு வந்ததில் வைத்தியத்துக்குன்னு வந்தது கொஞ்சம். மிச்சம் பெரும்பாலும் கல்யாணமும் வீடும்தான். டிவி, ஃபோன், டூர் என்று காசை வீணடிக்கிறாங்கன்னு இளவட்டங்களைத் திட்டற பெருசுங்க எல்லாம், மண்டப அட்வான்ஸுக்கு பி.எஃப். எடுக்க வரிசையில நின்னவங்கதான்.

ஒரு சின்னக் கணக்கு. நாற்பத்தஞ்சு வயசுல ஒருத்தர் 3 லட்சம் எடுக்கறார் என்று வைங்க. பி.எஃப். வட்டி 8 சதவீதம் என்றே வச்சுக்கலாம் (2024-25க்கு 8.25 கொடுத்தாங்க). ஐம்பத்தெட்டு வயசுல அது 8 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்த 3 லட்சம் எங்கே போச்சு? இலை ஒண்ணு 400 ரூபாய்னா எழுநூத்தம்பது இலை. அதுல பாதிப் பேர் வந்து "பாயசம் திக்கா இல்லை"ன்னு சொல்லிட்டுப் போனவங்க. கல்யாணப் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அன்னிக்குச் சாப்பிடவே நேரம் கிடைக்கலை, போட்டோகிராபர் விடலை. இதை எந்தக் கணக்குல எழுதறது? சேமிப்பா? இல்லை. அனுபவிச்சாங்களா? அதுவும் இல்லை.

அடுத்தது வீடு. குடியிருக்க ஒரு வீடு வேணும், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனா "எலிவேஷன்" என்று ஒண்ணு இருக்கு பாருங்க. முன்பக்கத்துல கல் ஒட்டி, கிளாஸ் கைப்பிடி போட்டு, மேல எதுக்குமே பயன்படாத ஒரு வளைவு வச்சு, ராத்திரி அதுக்கு லைட் போட்டு... வீட்டுக்குள்ள இருக்கறவனுக்கு அது தெரியாது சாமி! ரோட்டுல போறவனுக்குத்தான் தெரியும். அதுக்கும் ரெண்டு கார் நிக்கற போர்டிகோவுக்கும் (கார் இன்னும் வாங்கலை) சேர்த்து 8 லட்சம் கூடுதல் கடன் என்று வைங்க. 8.5 சதவீத வட்டி, இருபது வருஷம். மாசம் கிட்டத்தட்ட 6,940 ரூபாய். இருபது வருஷத்துல கட்டி முடிக்கறது 16 லட்சத்துக்கு மேல. தெருவில் போற அடையாளம் தெரியாத மனுஷன் அண்ணாந்து பார்க்க நாம கொடுக்கற மாதச் சந்தா அது.

இந்தப் பக்கம் வாய் திறக்காத நிதி ஆலோசகர்கள்தான் டீக்கடைப் பக்கம் வந்து நம்மைப் பிடிக்கறாங்க. "வருஷத்துக்கு ஒரு டூர் போற 25,000 ரூபாயைச் சேர்த்து வச்சா இருபத்தஞ்சு வருஷத்துல எவ்வளவு தெரியுமா?" தெரியும். 8 சதவீதத்துல 18 லட்சம் சொச்சம். போர்டுல எழுதினா பெருசாத்தான் இருக்கும். ஆனா விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா அந்த 18 லட்சத்துக்கு இன்னிக்கு மதிப்பு நாலே கால் லட்சம். சொல்லுவாங்களா? இதே கதைதான் அந்த 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.க்கும். 12 சதவீதம் கிடைக்கும்னு (கிடைக்கும்னு எழுதிக் கொடுக்க மாட்டாங்க) கணக்குப் போட்டு முப்பது வருஷத்துல ஒண்ணே முக்கால் கோடின்னு காட்டுவாங்க. இன்றைய மதிப்புல அது 30 லட்சம் சொச்சம். கோடீஸ்வரன்தான், ஆனா டீ 80 ரூபாய் விக்கற ஊர்ல கோடீஸ்வரன்.

போடாதீங்கன்னு சொல்லலை. போடுங்க. ஆனா இருபத்தஞ்சு தடவை குழந்தைகளோட வால்பாறையும் தனுஷ்கோடியும் போறதை நாலே கால் லட்சத்துக்கு வித்துடுன்னு ஒருத்தன் சொன்னா, நான் விக்கமாட்டேன். பசங்களுக்குப் பதினஞ்சு வயசானா நம்ம கூட வரவே மாட்டாங்க. அதுக்குள்ள எத்தனை தடவைன்னு எண்ணிப் பாருங்க, விரல்லயே அடங்கிடும். அந்த அக்கவுண்ட்டு மெச்சூரிட்டி தேதிக்கு முன்னாடியே மூடிடறாங்க, யாரும் நோட்டீஸ் அனுப்பறதில்லை.

எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர் இருந்தார். எல்.டி.ஏ. என்று சம்பளத்துல ஒண்ணு வரும், நாலு வருஷத்துல ரெண்டு பயணத்துக்கு டிக்கெட் காட்டினா வரி கிடையாது (புது வரி முறையில அந்தச் சலுகையும் போச்சு). மனுஷன் ஒரு தடவை கூட டிக்கெட் கொண்டு வந்ததில்லை. வருஷா வருஷம் அதுக்கு வரி பிடிச்சவன் நான்தான். "என்ன சார், எங்கேயும் போகலையா?" என்று கேட்டா, "ரிட்டையர் ஆகட்டும்யா, உங்க அக்காவோட காசியில ஆரம்பிச்சு பத்ரிநாத் வரைக்கும் ஒரே சுத்து" என்பார். ரெண்டு பொண்ணு கல்யாணம், மாடி வீடு, மச்சினன் வீட்டு விசேஷம் என்று அவர் பி.எஃப். மூணு தடவை கரைஞ்சது. அவர் ரிட்டையர் ஆன வருஷம் அந்த அக்காவுக்கு ரெண்டு முழங்காலும் போயிருந்தது. மாடிக்கே ஏற முடியாது, பத்ரிநாத் எங்கே ஏற? மாடியை வாடகைக்கு விட்டிருக்காங்க. இன்னிக்கு அந்த வாடகைதான் அவங்களுக்குப் பென்ஷன் மாதிரி. அவர் ஊதாரியா? கிடையாது. சிகரெட் கூடப் பிடிக்க மாட்டார். இன்றைய வாழ்க்கையும் போச்சு, நாளைய காசும் போச்சு, அப்போ நடுவுல யார் சாப்பிட்டாங்க? நாலு பேர்தான்.

சரி, லோன் போட்டு பாலி தீவுக்குப் போற தம்பிகளே, நீங்க கைதட்டினது போதும், உங்க பக்கம் வர்றேன்.

பர்சனல் லோன்ல போற டூருக்குப் பாதிக் காரணம் இன்ஸ்டாகிராம் போட்டோ. நாலு பேருங்கற ஆசாமி இப்போ நானூறு ஃபாலோயரா வேஷம் மாத்திக்கிட்டு வந்திருக்கான், அவ்வளவுதான். அப்புறம், "நாளைக்கு யார் இருப்பா?" என்று கேட்கறீங்களே, பிரச்சினையே நாம இருப்போம் என்பதுதான். எண்பது வயசு வரை இருப்போம். அப்போ மாசாமாசம் யார் கொடுப்பா?

பென்ஷனைச் சொல்றேன் கேளுங்க. மத்திய அரசு வேலையில 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவங்களுக்கும் தமிழ்நாடு அரசு வேலையில 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவங்களுக்கும் பழைய பென்ஷன் திட்டத்துல இடம் இல்லைன்னு ஆனது. அவங்களாவது கொடி பிடிச்சுப் போராடறாங்க. நம்மளை மாதிரி தனியார் கம்பெனிக்காரனுக்கு இருக்கறது 1995ல வந்த இ.பி.எஸ். சம்பளம் லட்சமா இருந்தாலும் 2014 செப்டம்பரில் வச்ச 15,000 உச்சவரம்பை வச்சுத்தான் கணக்கு. முதலாளி பங்குல மாசம் 1,250 அதுக்குப் போகும். 15,000த்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70ஆல வகுக்கணும். முப்பது வருஷம்னா 6,400 சொச்சம். அதுலயும் 2014க்கு முன்னாடி வருஷங்களுக்குப் பழைய உச்சவரம்பு 6,500 தான், இன்னும் குறையும். குறைந்தபட்சப் பென்ஷன்னு அதே 2014ல வச்சது 1,000 ரூபாய். ஒரு தடவை முடிவு பண்ணினா பண்ணினதுதான், அரசாங்கப் பென்ஷன் மாதிரி பஞ்சப்படி எல்லாம் ஏறாது. எங்க பிரிவுல இதைச் சொன்னப்போ ஒரு பையன் "மாசத்துக்கா சார், வாரத்துக்கா?" என்று கேட்டான்.

பசங்க பாத்துப்பாங்களா? பாத்துக்கிட்டா சந்தோஷம். ஆனா பெத்தவங்களைக் காப்பாத்தணும்னு 2007ல பார்லிமெண்ட்ல தனியா சட்டம் போட வேண்டி வந்துச்சு. சொத்தை எழுதி வாங்கிட்டுக் கைவிட்டா அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ணலாம்னு அதுல ஒரு பிரிவு வைக்கிற அளவுக்கு நிலைமை. எனவே தம்பி, சேர்த்து வை. கட்டாயம் சேர்த்து வை. நான் அடிச்சுக்கறது சேமிப்பு வேண்டாம்னு இல்லை, சேமிப்புக்கு வெட்டவேண்டிய இடம் உன் டீயும் உன் பொண்டாட்டியோட கடற்கரையும் இல்லைன்னுதான்.

இப்போ ஒரு எதிர்வாதம் வரும். "கல்யாணச் செலவு வீண் இல்லைங்க, மொய்யா திரும்பி வந்துடும்." வருது, ஒத்துக்கறேன். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து வச்சே லட்சக்கணக்குல திரட்டறாங்க, கணக்கு நோட்டு பாங்கு லெட்ஜரை விடச் சுத்தமா இருக்கும். ஆனா மொய் என்பது வருமானம் இல்லை, கடன். வட்டியில்லாத கடன், அதைத் திருப்பிக் கட்டற தேதி மட்டும் நம்ம கையில இல்லை. ஐம்பத்தஞ்சு வயசுல பொண்ணு கல்யாணத்துல வாங்கின மொய் எப்போ திரும்பப் போகும்? அறுபதுக்கு மேல, சம்பளம் நின்ன பிறகு! நம்ம வயசுக்காரங்க வீட்டுப் பேரன் பேத்தி காதுகுத்துக்கு எல்லாம் ஆயிரம் ஆயிரமா. ரிட்டையர் ஆனவங்க வீட்டுல பத்திரிகை வந்தா முதல்ல முகத்துல வர்றது சந்தோஷம் இல்லை, மொய் நோட்டைத் தேடற பதற்றம். மாத்திரைச் செலவைக் கூடத் தள்ளிப் போட்டு மொய் எழுதின ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.

நகையைச் சொல்வீங்க. 2025ல ஏறின ஏத்தத்துக்கு அப்புறம் தங்கத்தைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனா செய்கூலி சேதாரம் போக, அது விக்கக்கூடிய பொருளான்னு உங்க வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்லுங்க. நான் ஒரு தடவை கேட்டேன். அன்னிக்கு ராத்திரி உப்புமா.

என் வீட்டுல என்ன பண்றோம்னு கேட்டா, வரிசையைத்தான் மாத்தியிருக்கோம். சம்பளம் வந்த அன்னிக்கே வயசான காலத்துக்கு ஒரு பங்கு போயிடும், டூருக்கு ஒரு பங்கு தனி அக்கவுண்ட்டுக்குப் போயிடும். அப்புறம் வீட்டுச் செலவு. விசேஷம், மொய், சபை மரியாதை எல்லாம் கடைசியில மிஞ்சினதுலதான். மிஞ்சலைன்னா ஆயிரத்துக்குப் பதில் இருநூறு எழுதுவோம். ஒரு பெரியம்மா ரெண்டு வருஷமா எங்க கூடப் பேசறதில்லை. அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். பொண்ணுக்குப் பதினாறு வயசுதான் ஆகுது, அதுக்குள்ள ஒரு மாமா "அவிநாசி ரோட்டுல பெரிய மண்டபமாப் பாரு மாப்ளே, நாலு பேரு வருவாங்கல்ல" என்று ஆரம்பிச்சுட்டார். நாலு பேருக்கு எதுக்கு மாமா ஆயிரம் சேருன்னு கேட்டேன். முறைச்சுட்டுப் போயிட்டார்.

டிஸ்கி: சொந்தக்காரங்க யாரும் பதிவு எல்லாம் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதினது. யாராவது பிரிண்ட் எடுத்து எங்க பெரியம்மாகிட்டக் கொடுத்தா, ஆட்டோ என் வீட்டுக்குத்தான் வரும். பின்னூட்டத்துல மொய்க் கணக்கு எழுதறவங்க ஊர் பேரையும் சேர்த்து எழுதுங்க, திருப்பிச் செய்ய வசதியா இருக்கும்.