முதுகுவலிக்கு ‘நெர்வ் பிளாக்’ ஊசி: ஒரே ஊசியில் வலி போயிடுமா?

‘ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை வேண்டாம். ஒரே ஊசி, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்!’ முதுகுவலினு போனில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரத்தில் இப்படி ஒரு ரீல்ஸ் வந்து நிற்கும். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களுக்கு இதைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இந்த ஊசி எல்லா முதுகுவலிக்கும் பொருந்தாது.

ஊசி என்ன செய்கிறது?

வலி என்பது நரம்பு வழியாக மூளைக்குப் போகும் ஒரு சிக்னல். லிடோகைன், புபிவக்கைன் போன்ற மரத்துப்போக வைக்கும் மருந்துகள் அந்த சிக்னலை வழியிலேயே நிறுத்திவிடும். பல் பிடுங்கும் முன் டாக்டர் போடும் ஊசியும் இதே குடும்பம்தான். இதன் பலன் சில மணி நேரம் மட்டுமே. அதனால் பல நேரம் கூடவே ஸ்டீராய்டும் சேர்க்கிறார்கள். நரம்பைச் சுற்றியுள்ள அழற்சியை அது குறைக்கும். பலன் தெரிய சில நாள் ஆகும், தெரிந்தால் சில வாரம் முதல் சில மாதம் வரை நீடிக்கலாம். எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துவார்கள்.

எந்த வலிக்கு எந்த ஊசி?

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும். இதுதான் சயாட்டிகா. இதற்குப் போடுவது எபிடியூரல் ஊசி. முதுகெலும்பின் சிறு மூட்டுகளில் வலி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், ‘மீடியல் பிராஞ்ச் பிளாக்’ போடுவார்கள். இது முக்கியமாக ஒரு டெஸ்ட். ஊசி போட்டதும் வலி குறைந்தால், அந்த மூட்டுதான் காரணம் என்று ஊகிக்கலாம். அடுத்த கட்டமாக அந்த நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால் செயலிழக்க வைப்பார்கள். நரம்பு மறுபடி வளர்ந்தால் வலியும் திரும்பலாம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெறும் இடுப்புவலிக்கு முதுகில் ஊசி போட வேண்டாம் என்கிறது. கடுமையான, புதிதாக வந்த சயாட்டிகாவுக்கு மட்டும் எபிடியூரலைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2025 ஆய்வறிக்கைப்படி, சயாட்டிகா போன்ற வலியை எபிடியூரல் ஸ்டீராய்டு குறுகிய காலத்துக்கு ஓரளவு குறைக்கலாம். அதே ஆண்டு பிஎம்ஜே இதழில் வந்த வழிகாட்டுதல் இன்னும் கறார். புற்றுநோயோ மூட்டு அழற்சி நோயோ காரணமாக இல்லாத நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு இந்த வகை ஊசிகளே வேண்டாம் என்றது. வலி சிகிச்சை நிபுணர்களின் சங்கங்கள் பல அதை எதிர்த்தன. விவாதம் முடியவில்லை. ஆனால் ‘நிரந்தரத் தீர்வு’ என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. அந்த வார்த்தை விளம்பரத்தில்தான் இருக்கிறது.

ரிஸ்க் உண்டா?

பெரும்பாலானோருக்குப் பெரிய பிரச்சினை வருவதில்லை. ஆனாலும் பார்வை இழப்பு, பக்கவாதம், உயிரிழப்பு வரை அரிதாக நடக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2014-ல் எச்சரித்தது. அதற்கு முன்பு, 2012-ல், பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு ஊசியால் அங்கே 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம்ம ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது சர்க்கரை. என் அம்மாவுக்குக் கால்வலிக்காக இந்த ஊசி போட்டோம். வலி குறைந்தது உண்மை. ஆனால் மூன்றாவது நாள் சுகர் 300-ஐத் தாண்டிவிட்டது. ‘இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா, சில நாள் சுகர் ஏறும், பார்த்துக்குங்க’ என்று அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

* என் வலிக்கு எது காரணம்? ஸ்கேனில் தெரிவதும் என் வலியும் ஒத்துப்போகிறதா?
* இது டெஸ்ட்டா, சிகிச்சையா? ஸ்டீராய்டு உண்டா?
* சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேன். அதற்கு என்ன செய்வது? (மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.)
* பலன் இல்லாவிட்டால் அடுத்து என்ன?
* வலி குறைந்த பிறகு என்ன பயிற்சி செய்ய வேண்டும்?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஊசி தருவது ஓர் அவகாசம். அந்த அவகாசத்தில் பிசியோதெரபி, நடை, முதுகுத் தசைக்கான பயிற்சி என்று ஆரம்பித்தால் பலன் தங்கும். வலி போச்சு என்று பழைய நாற்காலியில் பழையபடி உட்கார்ந்தால், அடுத்த ஊசிக்குத்தான் போய் நிற்போம். பயிற்சியைப் பற்றிப் பேசாமல் மூன்று ஊசிக்கு ‘பேக்கேஜ்’ ரேட் சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்து கேளுங்கள்.

சில அறிகுறிகள் வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் திடீரென பலவீனமாவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.